மெயின் ஈவன்ட் லாட்டரியா? ஆடிட்டு வந்தவன் சொல்றேன்

ரிவர்ராஜா: "போக்கர் வேர்ல்ட் சீரிஸோட பெரிய போட்டி மெயின் ஈவன்ட் ஒரு லாட்டரி, ஏஸ்-கிங்கும் குயின் ஜோடியும் மோதினா பாதிக்குப் பாதி, காசு சுண்டுற மாதிரிதான்"னு நேத்து கோவைசீட்டு எழுதியிருந்தாரு. படிச்சதும் எரிச்சல் தாங்கல. 2023ல வேகாஸ்ல அந்த ஹால்ல உக்காந்து ஆடினவன் நான். 10,000 டாலர் பை-இன் (நுழைவுக் கட்டணம்), 60,000 சிப், பிளைண்ட் (கட்டாயப் பந்தயம்) ஏறுற ஒவ்வொரு லெவலுக்கும் 2 மணி நேரம், மொத்தம் 10,043 பேர், அதுல 1,507 பேருக்குத்தான் பணம். மூணாவது நாள் பபுள்ல, அதாவது பணம் கிடைக்கிறதுக்குச் சற்று முந்தின கட்டத்துல, இன்னும் நாலு பேர் வெளிய போகணும், ஒவ்வொரு கைக்கும் எல்லா டேபிளும் நின்னு நின்னு ஆடுது, ஏசி குளிர்ல கை வெறைக்குது, அப்ப எனக்கு குயின் ஜோடி வந்துச்சு. ஒருத்தன் ரெய்ஸ் பண்ணான், நான் கையிலிருந்த 25 பிளைண்ட் அளவு சிப்பையும் தள்ளி ஆல்-இன், அவன்கிட்ட ஏஸ்-கிங், ரிவர்ல, அதான் கடைசிப் பொதுக் கார்டுல, கிங் விழுந்து அவனுக்கு கிங் ஜோடி ஆயிருச்சு. நான் அவுட். ஆனா அது காயின் ஃபிளிப் (காசு சுண்டுறது) இல்ல, ஜெயிக்கிற வாய்ப்பு எனக்கு 57, அவனுக்கு 43, அதாவது 57-43. எழுதி வெச்சுக்கங்க.

கோவைசீட்டு: அண்ணே, 57-43ஐத்தான் உலகமே ஃபிளிப்னு சொல்லுது. தோத்ததும் தசமப் புள்ளி வரைக்கும் கணக்கு வருது போல.

ரிவர்ராஜா: உலகம் சொல்லட்டும். 14 சதவீத வித்தியாசம் தம்பி, 100 தடவை மோதினா அவனைவிட 14 தடவை நான் அதிகமா ஜெயிக்கிறேன். 57-43.

சேலம்பிளஃப்: ஒரே சூட் (ரெண்டும் ஸ்பேடு மாதிரி ஒரே ரகம்) ஏஸ்-கிங்கா இருந்தா 54-46 தானே? அவன் சூட் என்னன்னு முதல்ல சொல்லவே இல்லியே நீங்க.

ரிவர்ராஜா: வேற வேற சூட்தான், ஆஃப்சூட். ஏஸ் ஸ்பேடு, கிங் டயமண்டு. கண்ணுக்குள்ளேயே நிக்குது.

சேலம்பிளஃப்: கேட்ட பிறகு சூட் ஞாபகம் வருதாக்கும்.

ரிவர்ராஜா: எதிர்ல உக்காந்திருந்தது நீயா நானா? மூணு நாள் தூக்கம் இல்லாம ஆடி அந்த கார்டு விழுறதைப் பாத்தவனுக்கு எப்படி மறக்கும்? ஆஃப்சூட். 57-43.

மதுரை_டைட்: கணக்கை விடுங்க. பபுள்ல ஏன் ஷவ் (ஆல்-இன்) பண்ணீங்க? கார்டைப் போட்டுட்டு ஃபோல்டு பண்ணியிருந்தா நாலு பேர் போனதும் 15,000 டாலர் கையில.

கோவைசீட்டு: அதைத்தான் நான் ஒரு வருஷமா கேக்குறேன். அவர் பை-இன்ல 5 சதவீத ஷேர் வாங்கினவன் நான், 500 டாலர். அண்ணன் பேசாம உக்காந்திருந்தா எனக்கு 750 வந்திருக்கும்.

ரிவர்ராஜா: ஓ, இப்ப வெளிய வருது. லாட்டரின்னு எழுதினது இந்த 750க்காகவா? ஷேர் வாங்கும்போதே சொன்னேனே, மின்-கேஷுக்கு, அதான் கடைசிப் பரிசுக்கு, ஆட வரல, முதல் பரிசுக்குத்தான்னு. அது 12.1 மில்லியன் டாலர். குயின் ஜோடியை ஃபோல்டு பண்றவன் வீட்லயே இருக்கலாம்.

கோவைசீட்டு: அந்த 12.1 மில்லியன் வாங்கின வைன்மேன் எப்படி வந்தாரு? கடைசி இருபது பேருக்குள்ள ஜாக் ஜோடியோட ஆல்-இன், எதிர்ல ஒருத்தன்கிட்ட ஏஸ் ஜோடி, இன்னொருத்தன்கிட்ட கிங் ஜோடி. ஜாக் விழுந்துச்சு, ரெண்டையும் அடிச்சாரு. இதுக்குப் பேர் திறமையா?

ரிவர்ராஜா: ஒரு கையைக் காட்டி பத்து நாள் ஆட்டத்தை அளக்காதே. போக்கர் ஆட்டக்காரர் ஹெல்முத் 17 பிரேஸ்லெட் (வேர்ல்ட் சீரிஸ் போட்டி ஜெயிச்சா குடுக்கிற காப்பு) வெச்சிருக்காரே, 17 தடவையும் அதிர்ஷ்டமா?

சேலம்பிளஃப்: மெயின் ஈவன்ட் ஒண்ணுதானே, 1989ல. அப்ப மொத்தமே 178 பேர்.

மதுரை_டைட்: 2012ல பிரான்ஸ் கேன்ல ஐரோப்பா மெயின் ஈவன்ட்டும் ஜெயிச்சாரு, ரெண்டு.

சேலம்பிளஃப்: ஐரோப்பா கணக்குல வராது. வேகாஸ் வேகாஸ்தான்.

மதுரை_டைட்: அதுவும் பிரேஸ்லெட்தானே, அந்த 17லயும் அது இருக்கு. வேணும்னா சேத்துக்குவீங்க, வேணாம்னா கழிச்சுருவீங்களா?

கோவைசீட்டு: நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2023 நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லிருச்சுன்னு அடுத்து கொண்டு வருவாரு பாருங்க.

ரிவர்ராஜா: ஆமா சொல்லுச்சு, அதையும் நான்தான் சொல்லணுமா. கோர்ட்டுக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியல. விஷயத்துக்கு வா, 57-43ஐ ஒத்துக்கிறியா இல்லியா?

கோவைசீட்டு: ஃபிளிப்.

ரிவர்ராஜா: 57-43. வேகாஸ் வரைக்கும் வந்து அந்த நாற்காலில உக்காந்து பாரு, அப்புறம் பேசு.

கோவைசீட்டு: வர்றதுக்குத்தான் காசு சேத்தேன், அதுல 500 உங்க குயின் ஜோடியோட போச்சு.

மதுரை_டைட்: நான் கேட்டதுக்குப் பதில் வரல. 25 பிளைண்ட் கையில இருக்கும்போது சும்மா கால் பண்ணி (அவன் பந்தயத்துக்குச் சமமாப் போட்டு) ஃப்ளாப், அதான் முதல் மூணு பொதுக் கார்டு, பாத்திருக்கலாமே?

ரிவர்ராஜா: ஏஸோ கிங்கோ ஃப்ளாப்ல வந்தா நான் என்ன பண்ணுவேன், அவன் அடிப்பான் நான் ஓடணும். முன்னாடியே பணத்தை உள்ள தள்ளினா 57 என் பக்கம். இன்னிக்கு அதே டேபிள்ல உக்கார வெச்சாலும் அதையேதான் பண்ணுவேன்.

கோவைசீட்டு: பண்ணுங்க. ஷேர் கேட்டு என்கிட்ட மட்டும் வராதீங்க.

சேலம்பிளஃப்: கிங் டயமண்டா ஹார்ட்டா? டயமண்டுன்னீங்க. போன வருஷம் குரூப்ல ஹார்ட்டுன்னு சொன்ன ஞாபகம்.