சீழ்க்கைப் பூங்குருவியா, சீழ்க்கையனா?

வணக்கம். ஆங்கிலத்தில் Malabar Whistling Thrush எனப்படும் நம் மலைப் பறவைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதற்கு அண்ணா எழுதியது இது:

> ‘சீழ்க்கைப் பூங்குருவி’ என்றே வைத்துவிடலாமே.

அண்ணா, சீழ்க்கை சரி, பூங்குருவிதான் இடிக்கிறது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இவற்றை திரஷ் (நாம் பூங்குருவி என்பது) குடும்பத்திலிருந்து எடுத்து ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாமும் ஏன் சுமக்க வேண்டும்? குருவி அளவும் இல்லை. இங்கே மூணாற்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒருநாள் பார்த்தேன். மைனா அளவு, 25 செ.மீ. இருக்கும். நண்டு ஒன்றைப் பாறையில் அடித்து அடித்துக் காலைக் கழற்றித் தின்றது. இதில் பூ எங்கே வந்தது?

பக்கத்து வீட்டுச் சேட்டன் ‘சூளக்காக்க’ என்கிறார். அவர்களுக்குச் சூளம், நமக்குச் சீழ்க்கை. காக்கை என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் குருவிக்கு இது பெரிது என்பதைக் கவனித்திருக்கிறார்கள்.

‘வீளை’ என்று அக்கா சொன்னது அழகான பழஞ்சொல். ஆனால் அது இடையன் நாக்கை மடித்து ஆட்டுக்கு விடும் ஒலி. இந்தப் பறவை விடியுமுன் பாடுவதோ, வேலையில்லாத பையன் மெட்டு மறந்துபோய் ஏற்றி இறக்கி விசிலடிப்பதைப் போல. அதனால் குக்குறுவான், சிரிப்பான் என்ற பறவைப் பெயர்களின் வரிசையில் ‘சீழ்க்கையன்’ என்கிறேன்.

அப்புறம் அடைமொழி. இமயமலைப் பக்கம் இருக்கும் இன்னொரு சீழ்க்கையனுக்கு ஆங்கிலத்தில் ‘நீல’ என்று பெயர். அதை அப்படியே எடுத்தால் நம்முடையது நீலமில்லை என்றாகும். நம் பறவைக்கு நெற்றியில் பளபளக்கும் நீலப் பட்டை, தோளிலும் அதே நீலம். நிழலில் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால்தான் குட்டு வெளிப்படும். வடக்கத்தியது இன்னும் பெரிது, ஏறக்குறைய 33 செ.மீ.; உடம்பெல்லாம் வெள்ளி தெளித்த மாதிரி புள்ளிகள், அலகு மஞ்சள். ‘மஞ்சளலகு’ என்று முதலில் நான்தான் எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்: சீனாவில் உள்ள அதன் கிளையினத்துக்கு அலகு கறுப்பு. ‘இமய’ என்றாலும் ஒத்துவராது, ஜாவா வரை அது பரவியிருக்கிறது.

ஆகவே நம்முடையது நீலநெற்றிச் சீழ்க்கையன், அது புள்ளிச் சீழ்க்கையன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

ஒரே கவலை, லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘சீக்காயன்’ என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள்.