ஏற்காடு ஸ்பாவும் சேலம் பிசியோவும்: உங்கள் அனுபவம் என்ன?

அஸ்தம்பட்டிவாசி:
முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை வீட்டிலேயே அடைந்து கிடந்தார். மாற்றமாக இருக்கட்டும் என்று ஏற்காடு கூட்டிப்போனோம். ரிசார்ட்டில் ஸ்பா இருந்தது, அத்தைக்கும் ஆசை. மசாஜ் செய்யவந்த பெண் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே இரண்டு கெண்டைக்காலிலும் கை வைத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் வீங்கி, சுட்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள். "இந்தக் காலை நான் தொடமாட்டேங்க்கா. முதல்ல டாக்டர்கிட்ட போங்க." இருபது கொண்டை ஊசி வளைவையும் எப்படி இறங்கினோமோ! டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி. அழுத்திப் பிடித்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாமாம். அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும்.

கொலுசுப்பட்டறை:
அப்பாவுக்குச் சர்க்கரை, கூடவே தோள்பட்டை இறுகிவிட்டது. எண்ணெய் மசாஜ் செய்தால் அன்றிரவு சுகம், காலையில் சட்டை போட முடியாது. பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் மசாஜே செய்யவில்லை. கையை முதுகுப்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். கட்டைவிரல் இடுப்போடு நின்றது. அதைக் குறித்துக்கொண்டு, தோளைச் சுற்றி மட்டும் பிடித்துவிட்டு, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அளந்தார். ஸ்பா எல்லாம் வீண் செலவு.

நைட்ஷிப்ட் நர்ஸ்:
பட்டறை சார், வீண் என்று சொல்லாதீர்கள். தொடர் நைட் ஷிப்ட் முடிந்து மசாஜ் செய்துகொண்டால்தான் எனக்கு ஒழுங்கான தூக்கம். அதன் வேலை அவ்வளவுதான், அதைச் சரியாகவே செய்கிறது. நோய்க்கு அதை நம்பினால்தான் சிக்கல். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காய்ச்சல், தோலில் புண், ஒற்றைக்கால் வீக்கம் இருந்தால் போகாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். முதுகுவலியோடு கால் மரத்து, சிறுநீர் அடக்கமுடியாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரி. அப்புறம், சிகிச்சை என்று செய்பவரிடம் "எதைச் சரிசெய்யப் போறீங்க, எப்போ திரும்பப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டை:
வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் சிகிச்சை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். சித்திக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின் கை வீங்கிவிட்டது. சிகிச்சை தந்தவர் முதலில் வீங்கிய கையைத் தொடவே இல்லை, கழுத்தில் ஆரம்பித்தார். தோல் லேசாக நகரும், அவ்வளவுதான் அழுத்தம். "தடவுறதுக்கா காசு?" என்று சித்தப்பா முணுமுணுத்தார். தேங்கிய நிணநீரை வேறு பாதையில் திருப்பிவிட அழுத்தம் தேவையில்லை, அழுத்தினால் வீக்கம் கூடலாம் என்று சிகிச்சை தந்தவர் விளக்கினார். பிறகு விரலிலிருந்து தோள்வரை கட்டு. வளையல் ஏறாமலிருந்த கையில் இப்போது தாராளமாக ஏறுகிறது. ஆனால் இதற்காகக் கோவை வரை போய்வர சித்தியால் முடியவில்லை. சேலத்திலேயே இதை முறையாகப் படித்துச் செய்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.