உதவி தேவை: லிப்ரே ஒபிஸில் பழைய பாமினிக் கோப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன

வாசகசாலை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசகசாலையின் கணினிகளில் அண்மையில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, அதனுடன் வந்த லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளோம். புதிதாகத் தட்டச்சு செய்பவை நன்றாகத் தெரிகின்றன. ஆனால் நூற்பட்டியல்களும் கூட்டக் குறிப்புகளும் அடங்கிய பழைய வேர்ட் கோப்புகளைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெங்கும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே வருகின்றன. இந்த மென்பொருளுக்குத் தமிழ் ஒத்துவராதோ என்று நிர்வாகக் குழுவினர் ஐயுறுகிறார்கள். பணம் வாங்காமல் தரப்படும் ஒன்றை எல்லாக் கணினிகளிலும் நிறுவச் சட்டப்படி அனுமதி உண்டா, தயாரிப்பவர்கள் நாளை கைவிட்டால் எங்கள் கோப்புகள் என்னவாகும் என்றும் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நிரல்வாசி எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கோப்புகள் பழுதடையவில்லை, மென்பொருளிலும் குறையில்லை. பாமினி, ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன்னைய முறையைச் சேர்ந்த எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருப்பதால், திரையில் 'த' என்று தெரியும் இடத்தில் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலச் சிறிய 'ஜே' மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், எந்த மென்பொருளிலும் இதே காட்சிதான் வரும். இப்போதைக்குப் படிக்கப் பாமினியை உபுண்டுவில் நிறுவினால் போதும். நிரந்தரத் தீர்வு, ஒருங்குறிக்கு மாற்றுவதே.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். லிப்ரே ஒபிஸ் மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. எத்தனை கணினிகளிலும், எந்த நோக்கத்துக்கும் நிறுவலாம். நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மூலநிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட நிரல் வரிகளை, படித்துத் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர், தாம் மாற்றிய நிரற்கோப்புகளை அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. திறந்த மூல மென்பொருள் என்பதன் சாரம் இந்த அனுமதிதான்; விலையின்மை அதனால் விளையும் பயன்.

கைவிடப்படுமோ என்ற அச்சத்துக்கு இதன் வரலாறே விடை. 2000 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஸ்டார் ஒபிஸ் என்ற தன் அலுவலக மென்பொருளின் மூலநிரலை வெளியிட்டதிலிருந்து ஓப்பன் ஒபிஸ் பிறந்தது. சன் நிறுவனம் 2010 இல் ஒராக்கிளின் கைக்குப் போனபின், ஓப்பன் ஒபிஸில் உழைத்துவந்த பலர் அவ்வாண்டு செப்டெம்பரில் தனி அறக்கட்டளை அமைத்து, அதே நிரலிலிருந்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. உரிமமே அந்த இசைவை முன்னரே அளித்திருந்தது. இனி உங்கள் கோப்புகளை ஓடிஎஃப் (ஓப்பன் டாக்குமென்ட்) வடிவத்தில் சேமியுங்கள். அது 2006 இல் ஐஎஸ்ஓ எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட, எல்லோருக்கும் திறந்த வடிவம்.

வாசகசாலை எழுதியது:

மிக்க நன்றி. பாமினியை நிறுவியதும் பழைய கோப்புகள் அனைத்தும் படிக்கக் கிடைத்தன, குழுவினருக்கும் நிறைவு. ஆயினும் ஒரு நூற்பட்டியலை இணையத்திலுள்ள ஒருங்குறி மாற்றி ஒன்றில் இட்டபோது, ஆங்கில நூற்பெயர்களும் சிதைந்த தமிழாக மாறிவிட்டன. 'தெளிவு' போன்ற சில சொற்களும் பிழையாக வருகின்றன. இதற்கு வழி உண்டா?

எழுத்துக்கோவை எழுதியது:

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. வெறும் உரையாக நகலெடுக்கும்போது எழுத்துருத் தகவல் உதிர்ந்துவிடுவதால், எது உண்மையான ஆங்கிலம், எது பாமினி என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. எனவே கோப்புக்குள்ளேயே வைத்து, பாமினி எனக் குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். லிப்ரே ஒபிஸ், பைதான் நிரல்மொழியில் எழுதிய மேக்ரோக்களை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை) இயக்கும்; ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பெயரையும் பார்த்து மாற்றும் சிறு மேக்ரோ போதுமானது. மாற்றும் வேலைக்கு, எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கும் ஓப்பன் தமிழ் நிரலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) பாமினிக்கான பகுதி ஏற்கெனவே உள்ளது.

'தெளிவு' சிக்கல் நுட்பமானது. பாமினியில் கொம்பு, மெய்க்கு முன்னே தட்டப்பட்டு அப்படியே சேமிக்கப்படுகிறது. ஒருங்குறியிலோ அது பின்னே வரும். ஆகவே 'கெ'யை முதலில் மாற்றினால் 'கொ' உடைந்துவிடும்; நீளமான சேர்க்கைகளையே முதலில் மாற்ற வேண்டும். ஆனால் 'தௌ' என்பதும் 'தெள' என்பதும் பாமினியில் ஒரே தட்டுகளால் ஆனவை என்பதால், அந்த ஒழுங்கு மட்டும் போதாது. 'தெளிவு' 'தௌிவு' ஆகிவிடக்கூடும். 'ள'வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது தனி எழுத்தே என்ற விதியைச் சேருங்கள். குறியில்லாத 'ள' வரும் சொற்களில் மட்டும் ஐயம் எஞ்சும். அவற்றைப் பட்டியலிட்டுக் கண்ணால் சரிபார்ப்பதே முறை. மூலநிரல் திறந்திருப்பதால் இவ்விதியை நீங்களே எழுதிச் சேர்க்கலாம். சோதித்தபின் அதை நிரலகத்தைப் பேணுவோருக்கு அனுப்பினால், இதே கோப்புகளோடு போராடும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

மூலக் கோப்புகளின் நகலைத் தனியே வைத்துக்கொண்டு, முதலில் ஒரு சிறு கூட்டக் குறிப்பில் முயன்று பாருங்கள். மேக்ரோவின் முதல் வரைவை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பிழையாக மாறிய சொற்களின் பட்டியலை மட்டும் இங்கே இடுங்கள்.