வாடிக்கையாளர்கள் அனுப்பும் போலி பவுன்ஸை போஸ்ட்ஃபிக்ஸில் தடுப்பது எப்படி?

மெயில்மணி:
சின்ன அளவில் ஹோஸ்டிங் நடத்துகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மெயில் சர்வர், வாடிக்கையாளர்கள் 587 போர்ட்டில் லாகின் செய்து மெயில் அனுப்புகிறார்கள். போன வாரம் எங்கள் ஐபி ஒரு பேக்ஸ்கேட்டர் (சம்பந்தமில்லாதவருக்குப் போகும் பவுன்ஸ், அதாவது 'மெயில் சேரவில்லை' என்ற அறிவிப்பு) பிளாக்லிஸ்ட்டில் ஏறிவிட்டது. இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுத்துவிடுகிறோம், அதனால் சர்வர் தானாக பவுன்ஸ் அனுப்ப வழியில்லை. லாகைத் தோண்டினால், எல்லாம் ஒரே வாடிக்கையாளரின் கணினியிலிருந்து போயிருக்கிறது. ஸ்பேம் வந்தால் "இப்படி ஒரு முகவரி இல்லை" என்று பொய்யாகத் திருப்பி அனுப்பும் வசதியை அவர் மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறார். ஸ்பேமர் தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவான் என்று நம்புகிறார். ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரியே பெரும்பாலும் திருடியது. பவுன்ஸ் போய் விழுவது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

லாகினுக்கும் அனுப்புநர் முகவரிக்கும் பொருத்தம் பார்க்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதையும் தாண்டி எப்படிப் போகிறது?

போர்ட்25:
அந்த விதி காலி அனுப்புநரைப் பார்க்கவே பார்க்காது. பவுன்ஸ் என்றால் மெயில் ஃப்ரம் (சர்வரிடம் சொல்லும் அனுப்புநர் முகவரி) காலியாக, வெறும் <> என்றுதான் போகும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் அமைப்புக் கோப்பில் சப்மிஷன் சேவைக்கு (587 போர்ட்) மட்டும், அனுப்புநரைச் சோதிக்கும் செக் செண்டர் ஆக்சஸ் அட்டவணை ஒன்று கொடுத்து, அதில் <> என்ற சாவிக்கு ரிஜெக்ட் எழுதுங்கள். வெளி மெயில் வரும் 25 போர்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் உண்மையான பவுன்ஸை ஏற்றே ஆகவேண்டும்.

வரிசைக்காவலன்:
ஒரு எச்சரிக்கை. 'படித்துவிட்டேன்' ரசீதும் காலி அனுப்புநரோடுதான் போகவேண்டும் என்று ஆர்எஃப்சி 8098 என்ற இணையத் தரநிலை சொல்கிறது. மொத்தமாக அடைத்தால் அதுவும் நின்றுபோகும். வக்கீல், ஆடிட்டர் மாதிரி வாடிக்கையாளர்கள் இருந்தால் மறுநாளே போன் வரும்.

மெயில்மணி:
ஐயா, ஆடிட்டர்கள் நிறைய. ரசீதை நிறுத்த மனமில்லை. வேறு வழி?

வரிசைக்காவலன்:
அப்படியென்றால் மெயிலின் ஹெடர் வரிகளைப் பாருங்கள். சப்மிஷனுக்கென்று தனி கிளீனப் சேவை (வரிசையில் சேரும் முன் மெயிலைப் பார்க்கும் பகுதி) வைத்து, அதற்கு மட்டும் ஹெடர் செக்ஸ் விதி கொடுங்கள்: ஃப்ரம் வரியில் மெயிலர்-டீமன் (பவுன்ஸில் வழக்கமாக இருக்கும் அனுப்புநர் பெயர்) இருந்தால் ரிஜெக்ட். ரசீதில் அந்தப் பெயர் வராது. அப்புறம், நெஸ்டட் ஹெடர் செக்ஸைக் கண்டிப்பாகக் காலியாக வையுங்கள். சும்மா விட்டால் அது ஹெடர் செக்ஸ் விதியையே எடுத்துக்கொண்டு, இணைத்த மெயிலுக்குள்ளும் தேடும். உண்மையான பவுன்ஸ் ஒன்றை இணைத்து "இது ஏன் திரும்பியது?" என்று உங்களிடமே கேட்கும் வாடிக்கையாளரின் மெயிலும் மறுக்கப்படும்.

போர்ட்25:
அது நல்ல யோசனை. ஆனால் ஃப்ரம்மில் வேறு பெயர் போடும் மென்பொருள் தப்பிவிடும். காலி அனுப்புநருக்கு ரிஜெக்ட்டுக்குப் பதிலாக வார்ன் இஃப் ரிஜெக்ட் (மறுக்காமல் லாகில் எச்சரிக்கை மட்டும் எழுதும்) வைத்து லாகைக் கவனியுங்கள். யார் அனுப்புகிறார் என்று சாஸ்ல் (லாகின்) பயனர் பெயரோடு அதில் விழும்.

மெயில்மணி:
இரண்டையும் போட்டுவிட்டேன். மறுப்புச் செய்தியைத் தமிழில் எழுத ஆசை, ஆனால் எல்லா மென்பொருளிலும் எழுத்து சரியாகத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எங்கள் உதவிப் பக்க முகவரியும் கொடுத்திருக்கிறேன். அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்து, அவருடைய முகவரியையே யாராவது திருடி ஸ்பேம் அனுப்பினால் எத்தனை பவுன்ஸ் வந்து குவியும் என்று விளக்கினேன். வசதியை அவரே அணைத்துவிட்டார்.