கேம் ஆடும்போது மட்டும் பொட்டுனு அணையுது, ப்ளூ ஸ்கிரீனும் வரல

அம்பை_ரைசன்:
அண்ணாச்சிமாரே, ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை, 600 விஏ யுபிஎஸ். படம் பாத்தா நாள் முழுக்க ஓடும். கேமைத் திறந்தா சில நாள் பத்து நிமிசம், சில நாள் ஒன்றரை மணி நேரம், அப்புறம் பொட்டுனு அணைஞ்சிரும். மானிட்டர் அணையாது, 'நோ சிக்னல்' காட்டிக்கிட்டு நிக்கும். பட்டனை அமுக்கினா உடனே வந்துரும். கடையில பவர் சப்ளையை மாத்தச் சொல்லுதாவ. மாத்தவா, இல்ல விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பாக்கவா?

டவுண்_மதர்போர்டு:
விண்டோஸ்ல கை வைக்காதீய. விண்டோஸ்லயே இருக்க ஈவன்ட் வியூவர்ல 'விண்டோஸ் லாக்ஸ்', அதுக்குள்ள 'சிஸ்டம்' போங்க. 'கெர்னல் பவர் 41'னு இருக்கும். ஒழுங்கா அணைக்கலங்கதை மட்டுந்தான் அது சொல்லும். அதைத் திறந்து டீட்டெய்ல்ஸ்ல 'பக்செக் கோட்', அதாவது விண்டோஸ் எதனால விழுந்துச்சுங்கதைச் சொல்லுத நம்பர், என்னன்னு பாருங்க. 0ன்னா பெரும்பாலும் விண்டோஸுக்கே தெரியாம கரண்டு அறுந்திருக்கு. வேற நம்பர்னா டிரைவர், ரேம் பக்கம் போவணும்.

அடுத்து சூடு. சூட்டை அளந்து காட்டுத எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல லாகிங் (பதிவு) போட்டுட்டு ஆடுங்க, அணைஞ்சதும் கடைசி வரிகளைப் பாருங்க. 5600க்கு எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டா முதல்ல வேகத்தைக் குறைக்கும், எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கது) சரியும், அதுக்கு மேலயும் ஏறினாத்தான் அணையும். கேம் தடுமாறாம ஒரே வெட்டா அணைஞ்சா சூட்டைப் பின்னாடி பாத்துக்கலாம். எதுக்கும் ஹீட் சிங்க் தூசியை ஊதி விடுங்க. திசையன்விளை பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் மாதிரி அம்பையில கிடையாதுன்னாலும் ஆடிக் காத்து சும்மா விடாது. ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கிடுங்க, இஷ்டத்துக்குச் சுத்த விட்டா பேரிங் கெட்டுரும்.

பாளை_எட்டுபின்:
கணக்கு போடுவோம். கார்டு 200 வாட், பிராசசர் 76, மத்ததெல்லாம் சேத்து ஒரு 60. சுமார் 340. சராசரிக்கு 550 தாங்கும். ஆனா கார்டு மில்லிசெகண்ட் கணக்குல 200ஐத் தாண்டி வெடுக்குனு இழுக்கும். அதனாலதான் இந்தக் கார்டுக்கு 600 வாட் வைக்கச் சொல்லுது என்விடியா. கார்டுல கரண்டு வாங்குத 8 பின் சாக்கெட் ரெண்டு இருந்தா, ஒரே கேபிள்ல தொங்குற ரெண்டு தலையையும் சொருகாதீய. பவர் சப்ளையில இருந்து தனித்தனிக் கேபிள் போடுங்க.

சோதிக்கிறதுக்குக் காசு வேண்டாம். கார்டை அட்ஜஸ்ட் பண்ணுத ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, எஃப்பிஎஸ்ஸை 60ல கட்டிப்போட்டு ஆடுங்க. அணையலன்னா லோடுதான் பிரச்சினைன்னு உறுதி. ஆனா ஒண்ணு இடிக்குது. பவர் சப்ளை தன் பாதுகாப்புக்காக வெட்டினா, பல மாடல்ல பின்னாடி சுவிட்சை அணைச்சு, கொஞ்சம் பொறுத்துப் போட்டாத்தான் எந்திரிக்கும். உங்களுது உடனே எந்திரிக்குதே.

வள்ளியூர்_வோல்டேஜ்:
அங்கனதான் நானும் நிக்கேன். யுபிஎஸ்ஸை விட்டுட்டீயளே. 600 விஏன்னா பெரும்பாலும் 360 வாட்தான். உள்ள 340ன்னா பவர் சப்ளையோட நட்டத்தையும் சேத்துச் சுவத்துல 400 இழுக்கும், மானிட்டர் தனி. யுபிஎஸ் தாங்காது.

பக்கத்துல மோட்டார் போட்டா வோல்டேஜ் சரியும், யுபிஎஸ் 'டக்'னு பேட்டரிக்கு மாறும். அந்த இடைவெளி சில மில்லிசெகண்ட். பவர் சப்ளைக் கப்பாசிட்டர்ல இருக்க சேமிப்பு, முழு லோடுல 16, 17 மில்லிசெகண்ட்தான் தாங்கும், மட்டமான சரக்குன்னா அதுவும் கிடையாது. படம் பாக்கையில லோடு கம்மி, அதே சேமிப்பு ரொம்ப நேரம் வரும். கேம்ல மட்டும் அணையுறதுக்கு அதான் காரணம். பிசி விழுந்ததும் யுபிஎஸ் மேல மானிட்டரோட 30 வாட்தான் மிச்சம், அதனால அது சுதாரிச்சிக்கிடும். நீங்க 'நோ சிக்னல்' பாக்கீய. பேட்டரி மூணு வருசப் பழசுன்னா கேக்கவே வேண்டாம்.

பிசியை யுபிஎஸ்ல இருந்து கழட்டி நேரா சுவத்துல, 16 ஆம்பியர் பாயிண்ட்ல சொருகி ஆடிப் பாருங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுல வச்சு வோல்டேஜையும் பாருங்க. 100-240னு போட்ட பவர் சப்ளை 180லயும் ஓடும். ரிலே ஸ்டெபிலைசர் மட்டும் நடுவுல வேண்டாம், அதுவும் இதே 'டக்' வேலையைத்தான் பாக்கும்.

அம்பை_ரைசன்:
பக்செக் கோட் 0. அணையுற நேரத்துல சிபியு 71 டிகிரி. ராத்திரி ஏழரைக்கு 184 வோல்ட், மோட்டார் எடுக்கையில 170க்குப் போவுது. நேரா சுவத்துல மூணு நாள், தினம் ரெண்டு மணி நேரம் ஆடினேன், ஒருக்கக் கூட அணையல. யுபிஎஸ்ல திரும்ப மாட்டினா எட்டாவது நிமிசம் 'டக்', போச்சு.

வள்ளியூர்_வோல்டேஜ்:
அப்ப பவர் சப்ளைக்குக் காசு போடாதீய. 1100 விஏ, 660 வாட் யுபிஎஸ் பாருங்க. வாங்கையில விஏவை விட்டுட்டு வாட்டைக் கேளுங்க. அது வர்ற வரைக்கும் மானிட்டரும் மோடமும் மட்டும் பழசுல கிடக்கட்டும்.

பாளை_எட்டுபின்:
பவர் லிமிட்டை 80லயே விட்டாலும் ஆடுறப்ப பெருசா வித்தியாசம் தெரியாது. கேபிளை மட்டும் பிரிச்சுப் போட்டுருங்க.