போலஸ் என்பதற்குக் கவளம் பொருந்துமா? ‘விழுங்குதிரள்’ பற்றி

குழுவினருக்கு வணக்கம். போலஸ் (bolus), அதாவது மென்று விழுங்கத் தயாரான உணவு உருண்டைக்கு, நம் கால்நடைக் கையேட்டில் என்ன சொல் வைப்பது என்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> கவளம் என்று நல்ல சொல் இருக்கும்போது போலஸுக்குப் புதிதாக ஒன்று எதற்கு?

நல்ல சொல்தான், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. கவளம் கை பிடிப்பது. போலஸ் வாய் செய்வது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ‘மா’ என்னும் பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைவான நிலம் யானைக்குப் பல நாளைக்கு வரும் என்று பிசிராந்தையார் புறநானூற்றில் (184) சொல்கிறாரே, அந்தக் கவளம் யானை இன்னும் வாயில் வாங்காதது. போலஸோ பல் அரைத்து, எச்சில் நனைத்து, நாக்கு அண்ணத்தோடு அழுத்தி உருட்டித் தொண்டைக்குத் தள்ளத் தயாராக வைத்திருப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், ‘கவளத்தை மென்றால் கவளம் கிடைக்கும்’ என்றுதான் பாடம் எழுத வேண்டிவரும்.

> தருமபுரிக்காரர் நீங்களே இப்படிச் சொல்லலாமா? களி தின்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

சேலத்து அண்ணன் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். ராகிக் களியைக் கொஞ்சம் பிட்டு, விரல் நுனியில் உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து அப்படியே முழுங்குவோம். மென்றால் பல்லெல்லாம் அப்பிக்கொள்ளும். மெல்லுகிற பிள்ளையை, “அது என்ன சோறா, மெல்லுறதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே பல்லின் வேலையைத் துடுப்பு முன்பே முடித்துவிடுகிறது. எச்சிலின் வேலையில் பாதியைக் குழம்பு பார்த்துக்கொள்கிறது. களியில் மட்டும் கவளமே போலஸ், ஒப்புக்கொள்கிறேன். அதே வழியில் ஒரு பிடி வறுத்த நிலக்கடலையை முழுங்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

என் பரிந்துரை ‘விழுங்குதிரள்’. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. காலம் மறைந்து நிற்பதால் விழுங்கப்போவதற்கும் விழுங்கிக்கொண்டிருப்பதற்கும் ஒருசேர வரும். உணவுக்குழாயில் இறங்கும்போதும் அது போலஸ்தானே. ‘மென்திரள்’ என்று வந்த யோசனையும் சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கிறவர் மென்பொருளுக்குத் தம்பி என்று நினைப்பார்.

மாஸ்டிகேஷனுக்கு மெல்லுதலே போதும். மெல்லுவதற்கான வடசொல் சர்வணம் தாம்பூலத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிட, நம்மிடம் சும்மா கிடக்கும் வினைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது நல்லது. கொறிப்பது முன்பல்லின் வேலை. எலி, அணில் வகைக்குக் கொறிணி என்று பெயர் வைத்தவர் அதைச் சரியாகக் கவனித்திருக்கிறார். அதக்குவது மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிவைப்பது. அதனால் குரங்கின் கன்னப்பையை ‘அதக்குபை’ எனலாம். ஒகேனக்கல்லில் குரங்கு பொரியைக் கன்னம் புடைக்கத் திணிப்பதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்து மாடு. கால்நடைக் கையேட்டுக்குத்தான் இவ்வளவு பேச்சும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைக் கவனியுங்கள். ஓர் உருண்டை தோலுக்கடியில் கீழிருந்து மேலே ஏறும். தாடை பக்கவாட்டில் ஆட, ஒரு நிமிடம் போல, ஐம்பது தடவைக்கு அரைக்கும். அப்புறம் அது இறங்கும். சில நொடி சும்மா இருக்கும், அடுத்தது ஏறும். இப்படி ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் போகும். மேலே ஏறி வருவதை விழுங்குதிரள் என்றால் திசையே தப்பு. ‘மீள்திரள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலங்கையில் இரைமீட்டல் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஆனாலும் எங்கள் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் முதலில் சொல்வதே “மாடு அசை போடலைங்க” என்பதுதான். கையேட்டைப் புரட்டப்போகிறவர்களும் அவர்கள்தான். எனவே ‘அசைத்திரள்’.

மாட்டுக்குக் கொடுக்கும் பெரிய மாத்திரைக்கும் போலஸ் என்றுதான் பெயர். அதைத் தொட வேண்டாம். மருந்துக்கடையில் போய் விழுங்குதிரள் கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்?

எழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அசை பெயர்ச்சொல் என்பதால் அசைத்திரளில் ஒற்று மிகும், விழுங்குதிரளும் அதக்குபையும் வினைத்தொகை, அவற்றில் மிகாது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ஒற்றைச் சேர்த்துவிட வேண்டாம்.