கோவையிலிருந்து பெங்களூருக்குக் குடிமாற்றம்: கிளம்பும் முன் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

கோவைக்காரி:
வணக்கம். கணவரின் வேலை மாறியதால் மே கடைசியில் பெங்களூர் போகிறோம். பெரியவள் யூகேஜி முடிக்கிறாள், ஜூன் 1 அன்று அவளுக்கு 5 வயது 8 மாதம். சின்னவனுக்கு இப்போது 8 மாதம். 2021 மாடல் கார், டிஎன் பதிவு, லோன் இன்னும் முடியவில்லை. கேஸ், ரேஷன், ஆதார் எல்லாமே கோவை முகவரியில். இங்கிருக்கும்போதே முடிக்க வேண்டியவை எவை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவை எவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டிக்கணக்கு:
காரில் அவசரப்படாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் பதிவு எண்ணை மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. எந்தத் தேதியில் கர்நாடகாவுக்குள் வந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கட்டும். ஃபாஸ்டேக் கணக்கில் அத்திப்பள்ளி டோல் விழுந்த தேதியே போதும், அதை அச்செடுத்து வண்டியில் போட்டு வையுங்கள்.

பலர் தவறுவது என்ஓசியில், அதாவது பழைய ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்றில். அதில் எந்த ஆர்டிஓவுக்குப் போகிறது என்று எழுத வேண்டும். கே.ஆர். புரம் என்றால் கேஏ 53, எலக்ட்ரானிக் சிட்டி என்றால் கேஏ 51. வீடு முடிவாகும் முன்பே என்ஓசி வாங்கிவிட்டு, வீடு வேறு பக்கம் அமைந்தால் மறுபடி கோவைக்கு அலைய வேண்டும். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு என்ஓசிக்கான படிவம் 28 போடுங்கள். லோன் இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதம் முதலில் வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருக்க வேண்டும், செலான் பாக்கி ஒன்றுகூட நிற்கக் கூடாது. சேஸிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுக்கச் சொல்வார்கள். எண்ணின் மேல் படிந்த கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டுத் தேயுங்கள், இல்லாவிட்டால் 3 எது 8 எது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அங்கே புது எண்ணுக்கான படிவம் 27 கொடுத்து ஆயுள் வரி கட்ட வேண்டும். புதுக் காருக்கு விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம், அதற்கு மேலே செஸ் என்ற கூடுதல் வரி. உங்கள் காருக்கு வயதுக்கேற்பக் குறையும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் புது ஆர்சியைக் காட்டினால்தான் கிடைக்கும். அதாவது அங்கே முழுசாகக் கட்டி முடித்த பிறகே இங்கிருந்து வரும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயம். உங்கள் கணவரின் நிறுவனத்துக்கு 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருக்கிறதா? இருந்தால், மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பிஎச் (பாரத்) வரிசை எண்ணுக்கே மாறிவிடலாம். பழைய வண்டிகளும் மாறலாம் என்று 2022 டிசம்பரில் விதியைத் திருத்திவிட்டார்கள். நிறுவனம் படிவம் 60இல் வேலைச் சான்று தர வேண்டும், வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டிக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் இன்னொரு மாநிலம் போகக்கூடும் என்றால் இதுதான் நல்லது.

பலகைக்குச்சி:
காரைவிட மகளின் பள்ளிக்கூடம்தான் அவசரம். கர்நாடகாவில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 5 போதும். 2025-26இல் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள், ஆனால் ஒவ்வொரு வருடமும் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. பீஸ் கட்டும் முன், அந்த வருட ஆணைப்படி 5 வயது 8 மாதத்துக்குச் சேர்க்கை உண்டா என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் யூகேஜியை இன்னொரு வருடம் படிப்பதில் நஷ்டமில்லை, கன்னட எழுத்து பழக அந்த ஒரு வருடம் கை கொடுக்கும்.

டிசி வாங்கும்போதே, யூடைஸ் என்ற அரசின் பள்ளி விவரத் தளத்தில் குழந்தையின் பெயரை டிராப்பாக்ஸில் (பள்ளி மாறுபவர்களின் பட்டியல்) போட்டுவிட்டார்களா என்று கேட்டு, பென் என்ற நிரந்தரக் கல்வி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காத வரை புதுப் பள்ளியால் பெயரை இழுக்க முடியாது. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அந்த வேலையைப் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள், ஏப்ரலிலேயே முடியுங்கள்.

கன்னடம் அங்கே எந்தப் பாடத்திட்டமானாலும் கட்டாயப் பாடம். 2015ஆம் வருடச் சட்டம் அது. தமிழ்க் குழந்தை திணறுவது ஓர் இடத்தில்தான்: நமக்கு ஒரு ‘க’, அங்கே நான்கு. அதே போல ச, ட, த, ப எல்லாமே நான்கு நான்கு. எழுத்தைக் காட்டும் முன் ஒலியைக் காதில் ஏற்றுங்கள். வாயருகே ஒரு துண்டுத் தாளைப் பிடித்துச் சொல்லச் சொன்னால், இரண்டாவது ‘க’வுக்குத் தாள் ஆடும், முதலாவதற்கு ஆடாது. குழந்தைக்கு அது உடனே பிடிபடும். சொற்களில் பாதி நம்முடையவைதான். சொல்லின் முதலில் வரும் நம் ‘ப’ அங்கே பெரும்பாலும் ‘ஹ’ ஆகும் என்று சொல்லிக்கொடுங்கள்: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு.

அடுப்படி:
கேஸ் இங்கேயே முடிக்க வேண்டியது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் தந்து டெர்மினேஷன் வவுச்சர் கொடுப்பார்கள். அதுதான் அங்கே இணைப்புக்கு ஆதாரம், தொலைத்துவிடாதீர்கள். அடுப்பு உங்களுடையது. டியூபில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள், 5 வருடம் தாண்டியிருந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

ரேஷன் கார்டின் முகப்பில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பிஎச்எச் என்றால் தேசியத் திட்டத்தின் தானியத்தை அங்கேயும் வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் நம் மாநிலத்தோடு சரி. என்பிஎச்எச் (முன்னுரிமையற்றது) என்றால் அங்கே எதுவும் கிடையாது.

வீட்டில் மின்கணக்கு முக்கியம். அங்கே பில் மாதாமாதம். இலவச மின்சாரத்துக்கான கிருஹ ஜோதி திட்டம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு, ஆனால் முந்தைய குடித்தனக்காரரின் ஆதார் அந்த மீட்டரோடு கோத்தபடி கிடந்தால் உங்களுக்கு ஏறாது. சாவி வாங்கும் அன்றே அதை விடுவிக்கச் சொல்லுங்கள். மின்கணக்கு எண்ணை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். காவிரித் தண்ணீர் இருக்கிறதா, போர்வெல் மட்டுமா, கோடையில் லாரித் தண்ணீர் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே வழக்கம். பிடிக்கப்போவது எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

ஆதார் முகவரியைத் தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்ற சக்தி திட்டத்துக்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றப் படிவம் 8, பழைய எண்ணே தொடரும்.

கோவைக்காரி:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. டிராப்பாக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, நாளைக்கே பள்ளியில் கேட்கிறேன். சின்னவனின் தடுப்பூசிக்கு அங்கே புதிதாகப் பதிய வேண்டுமா?

பலகைக்குச்சி:
அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான். தாய்சேய் அட்டையையும் அதில் உள்ள ஆர்சிஎச் எண்ணையும் காட்டினால் அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் தொடர்ந்து போடுவார்கள். அட்டையைப் படமெடுத்து வையுங்கள், சாமான் லாரியில் அனுப்ப வேண்டாம். 9 மாதம் நிறைந்ததும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி வரும், அதற்கு முன் போடக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டும்தான், உங்கள் பகுதியில் உண்டா என்று அங்கே கேளுங்கள். எம்ஆருக்குக் காய்ச்சல் வருவதானால் அன்றைக்கே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும். ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணிப் பார்த்து, லாரி கிளம்பும் நாள் அந்த நாட்களில் விழாமல் வையுங்கள்.